மேல்தண்ணீர் மீனுக்குத் தடியும் றீலும் வாங்கி நான் பட்ட பாடு

மாசி கழிந்து வாடை ஓய்ந்த பிறகு, வைகாசியில் சோளகம் வலுக்கும்வரைக்கும், யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். விடியப்புறம் பொன்னாலைப் பாலத்திலோ பண்ணைப் பாலத்திலோ நின்று பார்த்தால் சூடைக் கூட்டம் சிலிர்த்துத் துள்ளுவதும், அதற்குக் கீழே பாரை அடிப்பதும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேலே ஓடும் போலி இரையை, அதுதான் பொப்பரை, எறிந்து இழுத்து, மீன் ஏறி அடிப்பதைப் பார்ப்பதுபோல ஒரு சந்தோசம் எனக்கு வேறு இல்லை. ஆனால் ஒழுங்கான தடியும் றீலும் கைக்கு வந்து சேருவதற்குள் இரண்டு வருசத்துப் பங்குனி சித்திரையும் 80,000 ரூபாய்க்கு மேல் காசும் போய்விட்டன. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. எங்கள் கடலில் தொழில் செய்பவர்களுக்கு வலையும் கூடும் கைத்தூண்டிலும் அத்துப்படி. றீல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. றீல் பாவிப்பவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது அவர்களுடைய தண்ணீருக்குச் சரி. இந்தப் பங்குனிக்கு யாராவது காசு சேர்த்துக்கொண்டு கடைக்குப் போக நினைத்தால், போவதற்கு முதல் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு இந்த ஆசையைக் கிளப்பியவர் கனடாவில் இருக்கும் மச்சான். ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர். ஆனி மாதமளவில் சீசன் திறந்ததும் புல்லோரத்தில் பொப்பர் எறிந்து பிடிக்கும் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருப்பார். நானும் தொடங்கப்போகிறேன் என்றதும் தன்னிடம் மேலதிகமாக இருந்த ஒரு செட்டை, ஊருக்கு வந்த அத்தையிடம் கொடுத்துவிட்டார். ஆறரை அடித் தடி, இரண்டு துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் பெயிட்காஸ்டர் றீல், அதில் 14 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி, அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நூல். 10 கிராமளவில் சின்னச் சின்னப் பொப்பர்கள் ஒரு டப்பா நிறைய. சாமான் எல்லாம் முதல்தரம். துணியில் சுற்றிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்பியதில், விமானத்தில் ஏற்றி இறக்கிய இடத்தில் தடியின் நுனி முறிந்து வந்திருந்தது. முறிந்த இடத்துக்கு மேல் நுனி வளையத்தை ஒட்டிக்கொண்டேன். ஒட்டிய பிறகு அந்தத் தடியின் நுனி மொத்தமாகிவிட்டது, வளைவும் மாறிவிட்டது. யாராவது உங்களுக்குத் தடி கொடுத்துவிடுவதாக இருந்தால் எஸ்லோன் குழாய் (பி.வி.சி. தண்ணீர்க் குழாய்) ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே துணியை அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவதானாலும் அப்படித்தான். சில நூறு ரூபாய்க் குழாய் ஒரு தடியைக் காப்பாற்றும்.

அந்தச் செட்டோடு பொன்னாலைப் பாலத்தில் நின்ற முதல் விடியலை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது. காற்று அதிகமில்லை, ஆனால் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. எறிந்த பொப்பர் கொஞ்சத் தூரத்திலேயே காற்றில் வேகம் குறைந்து நிற்க, றீலின் உருளை மட்டும் அதே வேகத்தில் சுற்றி, தங்கூசி முழுக்க உள்ளுக்குள் சிக்குப்பட்டுவிட்டது. சிக்கெடுத்து மறுபடி எறிய மறுபடியும் அதே கதை. கண்ணுக்கு முன்னால் மீன் அடித்துக்கொண்டிருக்கிறது, நான் குந்தியிருந்து நகத்தால் நூலைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். வெயில் ஏற மீன் அடங்கிவிட்டது. அழுகைதான் வந்தது. பெயிட்காஸ்டர் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. பழகிய கைக்கு அது கிட்டத்து இலக்கைக் குறி தவறாமல் அடிக்கும். ஆனால் அதன் உருளையே சுற்றித்தான் நூல் வெளியேற வேண்டும். லேசான பொப்பரும் எதிர்க்காற்றும் சேர்ந்தால், பழகாத பெருவிரல் அந்த உருளையை நேரத்துக்கு அமத்தாது. எங்கள் பாலங்களில் காற்று ஏதோ ஒரு பக்கத்திலிருந்து எப்போதும் இருக்கும். இங்கே தொடங்குகிற ஆளுக்குச் சாதாரணச் சுழல் றீல், ஸ்பின்னிங் றீல் என்று கடையில் கேட்டால் தருவார்கள், அதுவே போதும்.

பிறகு இருந்து யோசித்துப் பார்த்தபோதுதான் பாஸ் மீனுக்கும் எங்கள் மீனுக்கும் எவ்வளவு தூரம் என்று விளங்கியது. அங்கே பனிக்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். பனி உருகித் தண்ணீர் 15 பாகை செல்சியசைத் தாண்டும்போதுதான் பெருவாய்ப் பாஸ் முட்டையிடக் கரையோரத்துப் புல்லுக்குள் வரும். ஆழமில்லாத நன்னீர், அலையில்லாத ஒதுக்கு, பெரும்பாலும் வள்ளத்தில் இருந்தபடி கிட்டத்தில் எறிவார்கள். பெருவாய்ப் பாஸின் உலகச் சாதனையே 22 இறாத்தல் 4 அவுன்ஸ்தான். 1932 ல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடிபட்டது, 2009 ல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமாக இன்னொன்று வந்தது. அகப்பட்டால் துள்ளிக் குதித்துத் தலையை உதறும், புல்லுக்குள் புகப் பார்க்கும், கனதூரம் ஓடாது. பாரை அப்படியில்லை. பாரை இனத்தில் பெரியது 2006 ல் ஜப்பானில் 160 இறாத்தலுக்கு மேல் பிடிபட்டிருக்கிறது. நாங்கள் பாலத்தடியில் காண்பவை அதன் குஞ்சு குருமன் அளவுதான், ஆனாலும் மூன்று நாலு கிலோப் பாரை ஒன்று தூண்டில் பட்டதும் நிமிராமல் ஐம்பது மீற்றர் ஓடும். அதுவும் நேரே மதகுக்குள், கல்லுக்குள். அந்த ஓட்டத்துக்கு 14 இறாத்தல் தங்கூசியும் சின்ன றீலும் ஈடுகொடுக்காது. மச்சானின் தெரிவு அவருடைய ஏரிக்கு அச்சொட்டான தெரிவு. என்னுடைய கடலுக்கு என்னதான் வேண்டும் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருசம் சீட்டு எடுத்த காசில் கொழும்பில் ஒரு கடையோடு தொலைபேசியில் கதைத்து முழுச் செட் வாங்கினேன். தடி, றீல், பல இழை சேர்த்துப் பின்னிய பின்னல் நூல், அதன் முனையில் கட்டும் உரமான துண்டு நூலான லீடர் எல்லாமாக 52,000 ரூபாய். கடைக்காரர் நன்றாகக் கதைத்தார். உப்புத் தண்ணீருக்கென்றே செய்த றீல், 12 பெயாரிங், தடி 10 கிராமிலிருந்து 80 கிராம்வரை தாங்கும் என்றார். நாலு விசயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பிவிட்டேன். இப்போது யாராவது எனக்கு 10 முதல் 80 கிராம் என்று சொன்னால் அந்தத் தடியைக் கையில் எடுக்கவே மாட்டேன். 10 கிராம் பொப்பரை எறிய நுனி மெல்லியதாக வளைய வேண்டும், 80 கிராமை எறிய அடிமரம் உரமாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே தடி நன்றாகச் செய்யாது. அந்தத் தடி உண்மையில் கனமான ஈயத்தை அடியில் போட்டுக் காத்திருப்பதற்கான தடி. என்னுடைய 25 கிராம் பொப்பருக்கு அது வளையவேயில்லை. வளையாத தடி எறியாது, கைதான் எறிய வேண்டும். ஒரு விடியல் முழுக்க அப்படி எறிந்தால் தோள்மூட்டு கழன்றுவிடும்போல நோகும்.

அந்த றீலோடுதான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பாரை போனது. சித்திரை வருசப்பிறப்புக்குக் கிட்ட, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்து வற்றும் பெருக்கும் இரண்டடி அளவுக்குள்தான் இருக்கும், ஆனாலும் பாலத்து மதகுகளுக்குள்ளால் அது நெருங்கி ஓடும்போது நல்ல இழுவை இருக்கும். வெளிவாயில் மீன் காத்து நிற்கும். பொப்பரை மதகுக்கு அப்பால் எறிந்து, ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு, ஒரு நிறுத்தம் என்று இழுத்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் பொப்பருக்குப் பின்னால் தண்ணீர் மேடாக எழும்பியது. உடம்பெல்லாம் கூசிப்போய் நின்றேன். அடுத்த தட்டுக்கு ஒரு வெடிச் சத்தம், பொப்பரைக் காணவில்லை, தடி குனிந்துவிட்டது. மீன் ஓட வெளிக்கிட்டது. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை டிராக் என்பார்கள். அது ஒரே சீராக விட வேண்டும். என்னுடைய றீலில் அது ஒரு கணம் பிடித்து, ஒரு கணம் விட்டு, பிறகு இறுகிப் பிடித்துக்கொண்டது. சடாரென்ற சத்தத்தோடு நூல் அறுந்து முகத்தில் அடித்தது. நூல் போனதைவிட, வாயில் இரண்டு முக்கொக்கித் தூண்டிலோடு அந்த மீன் போனதுதான் என்னை அன்றிரவு நித்திரைகொள்ள விடவில்லை. அதன் பிறகு நான் எந்தப் பொப்பரையும் கம்பெனி போட்ட தூண்டிலோடு எறிவதில்லை. முக்கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் போடுகிறேன், அதன் முள்ளையும் குறட்டால் நசித்துவிடுகிறேன். அறுத்துக்கொண்டு போகிற மீனுக்கு அதைக் கழற்றிப்போட ஒரு வழி இருக்கும். எங்கள் கைக்கும் நல்லது, தூண்டில் கையில் ஏறினால் தோண்டாமல் எடுக்கலாம்.

டிராக்கைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, அதை அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த மீன் கரைக்கு வந்திருக்கும். ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தால் ஒன்றரைக் கிலோ. இரண்டு போத்தலைச் சேர்த்துக் கட்டினால் மூன்று கிலோ. நூலைத் தடியின் வளையங்களுக்குள்ளால் கொண்டுபோய்ப் போத்தலில் கட்டி, தடியை மெதுவாகத் தூக்குங்கள். டிராக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வந்தால் போத்தல் தரையைவிட்டு எழும்புகிற இடம் தெரியும். அதிலிருந்து ஒரு சொட்டு இளக்கினால் போத்தல் ஒரே சீராகக் கீழே இறங்க வேண்டும். குதித்துக் குதித்து இறங்கினால் அந்த றீல் வேண்டாம். நூல் தாங்கும் எடையில் கால்வாசிக்கு டிராக்கை வைப்பது பொதுவான கணக்கு. 30 இறாத்தல் நூல் என்றால் பதின்மூன்றரைக் கிலோ, அதில் கால்வாசி மூன்றரைக் கிலோவுக்குக் கிட்ட, அதாவது இந்த இரண்டு போத்தலும் இன்னும் கொஞ்சமும். கடையிலேயே போத்தல் கட்டிப் பார்க்க முடியாதுதான், ஆனால் நூல் முனையைக் கையில் சுற்றி மெதுவாக இழுத்துப் பார்க்க எந்தக் கடைக்காரரும் மறுக்கக் கூடாது. மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பெயாரிங் எத்தனை என்ற கணக்கில் மயங்க வேண்டாம். மலிவான பெயாரிங் 12 இருப்பதைவிட உப்புப் புகாமல் மூடிய நல்லது 4 இருப்பது மேல். நான் பார்க்கச் சொல்வது வேறு இடங்கள். நூல் வந்து திரும்புகிற சின்ன உருளையை, லைன் ரோலர் என்பது அதைத்தான், விரலால் உருட்டிப் பாருங்கள். அது உருளாவிட்டால் பின்னல் நூல் ஒரே இடத்தில் உரசி உரசி அறுந்துபோகும். என்னுடைய றீலில் சில கிழமைக்குள்ளேயே அது உப்பு இறுகி நின்றுவிட்டது. அடுத்தது கைபிடி. நேரே உள்ளே முறுக்கி ஏற்றும் கைபிடி ஆட்டம் குறைவு. மறுபக்கத்திலிருந்து திருகாணி போட்டு இறுக்குவது காலப்போக்கில் ஆடத் தொடங்கும், பொப்பர் இழுக்கிற வேலை தட்டித் தட்டி இழுக்கிற வேலை என்பதால் இன்னும் கெதியாக ஆடும். அந்த றீலைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பும், அதன் நடுவில் செம்மஞ்சளாகத் துருவும். கடைக்கு எடுத்துக் கதைத்தேன். உப்புப் பட்டதற்கு உத்தரவாதம் இல்லையாம். உப்புத் தண்ணீருக்கென்று சொல்லி விற்ற சாமானுக்கு இந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தொலைபேசியில் வாங்கும்போது உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியாகவாவது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தடியின் வளையங்களையும் பார்க்க வேண்டும். வளையத்தின் உள்ளே வழவழப்பான பீங்கான் போன்ற ஒரு வட்டம் இருக்கும். அதில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் பின்னல் நூலைச் சீவிவிடும், கண்ணுக்குத் தெரியாது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை எல்லா வளையத்துக்குள்ளும் ஒருமுறை சுழற்றுங்கள். பஞ்சு இழுபட்டால் வெடிப்பு இருக்கிறது. பியூஜி என்ற ஜப்பானியக் கம்பெனியின் வளையம் போட்ட தடி என்றால் விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

நூல் விசயத்தில் என் கண்ணைத் திறந்தவர் குருநகர்ப் பக்கத்து வயதான தொழிலாளி ஒருவர். பண்ணையில் நான் அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கிட்ட வந்து, அறுந்த முனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது மீன் அறுத்ததில்லை. சிப்பி அறுத்தது. உந்தத் தங்கூசி உந்த மதகுக்குக் காணாது" என்றார். எவ்வளவு மொத்தம் வேண்டும் ஐயா என்று கேட்டேன். தன்னுடைய கைத்தூண்டில் கயிற்றைக் காட்டினார். கொழும்புக் கடை தந்த லீடரைவிட இரண்டு மடங்கு மொத்தம். பாலத்துத் தூண்களிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் சிப்பியும், கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பும் கத்தி. பின்னல் நூல் இழுவைக்கு இரும்பு, ஆனால் உரசலுக்குச் சீக்கிரம் விட்டுவிடும். அதனால் முன்னால் ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த அளவு) நீளத்துக்கு 50, 60 இறாத்தல் தங்கூசி கட்டாயம். அந்தக் கடை எனக்குத் தந்தது புளோரோகாபன் லீடர். அது சாதாரணத் தங்கூசியைவிட நன்றாகத் தாழும். அடித்தண்ணீர் மீனுக்கு நல்லது, மேலே ஓடும் பொப்பருக்கு மூக்கைக் கீழே இழுத்துவிடும். விலையும் கூட. மேல்தண்ணீருக்கு நைலோன் தங்கூசிதான் சரி. பின்னல் நூல் தானாகவே மிதக்கும், அதோடு இழுபடவும் மாட்டாது, ஆகவே நீங்கள் தட்டுகிற தட்டு அப்படியே பொப்பருக்குப் போய்ச் சேரும். இரண்டையும் பொருத்த எஃப்ஜி முடிச்சைப் பழகுங்கள். வீட்டில் இருந்து பழகுங்கள், பாலத்தில் காற்றுக்குள் நின்று பழக முடியாது. சீலா நிற்கும் இடத்தில் 60 இறாத்தலும் பல்லுக்கு நிற்காது. கம்பி போட்டால் பொப்பரின் ஆட்டம் செத்துவிடும். நான் 80 இறாத்தல் தங்கூசி போட்டு, இடைக்கிடை ஒரு பொப்பர் போவதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். இதை வாங்கும்போது கடைகள் வழக்கமாகச் சொல்லும் ஒழுங்கைத் தலைகீழாக்கினேன். அவர்கள் றீலில் தொடங்குவார்கள், ஏனென்றால் அதில்தான் காசு. நான் பொப்பரில் தொடங்கினேன். எங்கள் பாலத்தடியில் ஓடுவது விரல் நீளச் சூடையும் முரலும் சின்னத் திரளியும். அந்த அளவுக்குப் பொப்பர் 20 முதல் 35 கிராம்வரை வரும். அந்தப் பொப்பரை எறியவும் பாரையை மதகிலிருந்து திருப்பவும் பின்னல் நூல் பி.ஈ. 2 (பி.ஈ. என்பது பின்னல் நூலின் மொத்தத்தைக் காட்டும் ஜப்பானிய இலக்கம்), கிட்டத்தட்ட 30 இறாத்தல். இந்த இரண்டும் முடிவானதும் தடி தானாக முடிவாகிவிட்டது: 15 முதல் 45 கிராம்வரை எறிகிற, பி.ஈ. 1.5 முதல் 3 வரை என்று எழுதிய, எட்டரை அடித் தடி, இரண்டு துண்டு. பாலத்தில் நின்று எறிவதற்கு எட்டரை, ஒன்பது அடி வேண்டும். நூல் கல்லில் படாமல் உயர்த்திப் பிடிக்கவும் அது உதவும். வள்ளத்தில் போகிறவர்களுக்கு ஏழு அடியே தாராளம், நீளத் தடி பக்கத்தில் இருப்பவரின் தலையில் படும். நுனி கொஞ்சம் மெதுவாக வளைய வேண்டும். மேல்தண்ணீரில் மீன் அடித்த சத்தம் கேட்டதும் கை தானாகத் தடியை வெட்டி இழுக்கும், அப்போது மீன் பொப்பரை வாய்க்குள் எடுத்திருக்காது, பொப்பர் பறந்து வெளியே வரும். நுனி இளகியிருந்தால் அந்த அவசரத்தைத் தடியே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சத்தத்துக்கு இழுக்காமல், பாரம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள். சொல்வது சுகம், பழக நாளாகும்.

றீல் 5000 அளவு (றீலின் பருமனைக் காட்டக் கம்பெனிகள் போடும் இலக்கம்), கைபிடியின் ஒரு சுற்றுக்கு ஆறு தடவைக்குக் கிட்டச் சுழலும் வேகம். பொப்பரைத் தட்டியதும் விழுகிற தொய்வைச் சட்டென்று சுற்றியெடுக்க அந்த வேகம் தேவை. 200 மீற்றருக்குக் குறையாமல் நூல் பிடிக்க வேண்டும். மிகப் பெரிய றீல் வேண்டாம், விடியல் முழுக்க எறிந்துகொண்டிருக்கிற வேலை இது, பாரம் கையை முறிக்கும். தடி 21,000, றீல் 34,000, நூல் 8,500 ரூபாய் கொடுத்தேன். கொழும்புக்கு நேரே போய், றீலைத் தடியில் பூட்டி, கையில் பிடித்து, ஒற்றை விரலில் வைத்துச் சமநிலை பார்த்து வாங்கினேன். பஸ் காசும் ஒரு நாளும் போனால் போகட்டும். வாங்குகிற காசில் ஒரு பங்கைப் பொப்பருக்கும் லீடருக்கும் ஒதுக்கி வையுங்கள், எல்லாவற்றையும் றீலில் கொட்டிவிட்டால் எறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கழுவுகிற விசயத்தை யாரும் சொல்லித் தரவில்லை, அது இங்கே தனிக் கதை. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக மேலால் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு டிராக்கை முழுக்க இளக்கி நிழலில் காய வைக்க வேண்டும். இறுக்காமல் கழுவினால் தண்ணீர் டிராக்குக்குள் போகும். இளக்காமல் வைத்தால் உள்ளேயிருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், அடுத்த மீனுக்கு அதுதான் குதித்துக் குதித்து விடும். பைப்பைத் திறந்து வேகமாக அடிக்க வேண்டாம், அது உப்பை இன்னும் உள்ளே தள்ளும். நல்ல தண்ணீர் என்று நான் சொல்வது குடிக்கிற தண்ணீரை. தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்புத் தடவுவது. எங்கள் வீட்டுக் கிணறும் கோடையில் உவர் தட்டும், அதனால் ஒரு போத்தல் குடிதண்ணீரை இதற்கென்று எடுத்து வைக்கிறேன்.

பங்குனி சித்திரையில் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வருவது எல்லாருக்கும் தெரியும். காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். திறந்த பாலத்தில் எட்டரை அடிக் காபன் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிரோடு விளையாடுவது. இடிச் சத்தம் கேட்டாலே தடியை மடித்துவிட்டு வெளிக்கிடுங்கள், மீன் எவ்வளவு அடித்தாலும் சரி. மேலே மின்கம்பி போகும் இடத்தில் எறியவும் வேண்டாம். அதேபோலப் பரவைக்கடலில் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் களங்கண்ணிக்கும் சிறகுவலைக்கும் கிட்ட எறியாதீர்கள். மீன் அங்கே ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. உங்கள் பொப்பர் வலையில் கொளுவினால் நீங்கள் நூலை அறுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அடுத்த நாள் இருட்டில் வலையை எடுப்பவரின் கையில் அந்தத் தூண்டில் ஏறும். அப்படி ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற வீடுகள் இங்கே கனக்க. அவர்களிடம் கேட்பதானால் தடியைக் கேட்க வேண்டாம், அது வழியில் முறியும், முறியாமல் வந்தாலும் கையில் பிடித்துப் பார்க்காமல் வந்த தடி. நூலும் பொப்பரும் ஒற்றைத் தூண்டிலும் கேளுங்கள், பெட்டிக்குள் இடம் பிடிக்காது. றீல் கேட்டால் ஸ்பின்னிங் என்றும், 5000 என்றும், உப்புத் தண்ணீருக்கு என்றும் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். "மீன் பிடிக்கிற றீல்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தங்கள் ஏரிக்கு வாங்குவதையே உங்களுக்கும் அன்போடு வாங்கி வருவார்கள். மச்சானின் சின்ன றீலை நான் திருப்பி அனுப்பவில்லை. காற்றில்லாத நாட்களில் குளத்து விராலுக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன், அங்கே அது நன்றாகவே எறிகிறது.